பலகையை விட்டு இறங்கிய பிறகு

ரிப்பேர் முடித்த செட்டைத் தொடும்முன் நான் செருப்பைக் கழற்றிவிடுவேன். ரேடியோ, டேப் ரிப்பேர் தொழிலில் இருக்கும் உங்களில் சிலர் இதைப் பார்த்துவிட்டு, "பாய் கடையைப் பள்ளிவாசல்னு நினைச்சுக்கிட்டாரு" என்று கேலி செய்தது என் காதுக்கும் வந்தது. கேலி நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும், நாலு பேர் செட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயம். இப்போது கடையையே மூடியாகிவிட்டது. இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? கேளுங்கள்.

தஞ்சாவூர் கீழவாசலில் என் கடை இருந்தது உங்களுக்குத் தெரியும். பெஞ்சுக்குக் கீழே ஒரு காலத்தில் பலகை கிடந்தது உங்களுக்குத் தெரியாது. யாரோ பழைய நெல் பத்தாயத்தைப் பிரித்தபோது வாங்கிப் போட்டது, இரண்டு விரல் கனம். கரண்டு வேலை செய்பவன் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் காலத்துப் பாடம். காய்ந்த மரத்தின் மேல் நின்றால் உடம்பு வழியாகக் கரண்டு மண்ணுக்கு இறங்க வழி இல்லை. அதனால் இந்தத் தொழிலில் இருந்த எல்லோர் காலடியிலும் ஒரு பலகை உண்டு. அதன் மேல் ரப்பர் செருப்பு வேறு. அந்தப் பலகை என் உயிரைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது என் உயிரை மட்டும்தான் காப்பாற்றியது.

வளைகுடாவிலிருந்து சாமான்கள் வந்து குவிந்த காலம் அது. ஒரத்தநாட்டிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் டேப்ரெக்கார்டரையும் வீடியோ டெக்கையும் போர்வையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அண்ணன் அனுப்பியது, மச்சான் கொண்டுவந்தது என்று ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு உறவுமுறை இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது எங்களுக்கே புதுசு. நம் ஊர் செட்டில் கரண்டு வரும் ஒயர் சிவப்பு. அவற்றில் அது காப்பிக்கொட்டை நிறம். இந்த நிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்று, அவற்றின் பிளக்கில் மூன்று பின் இருக்கும். மூன்றாவது எர்த். உள்ளே எங்காவது கரண்டு தப்பி இரும்புச் சட்டத்தில் ஏறிவிட்டால், எர்த் ஒயர் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். அந்த வேகத்தில் ஃபியூஸ் போகும், மனிதன் பிழைப்பான். இதைப் படித்தவன்தான் நானும். ஆனால் நம் வீடுகளில் பாதிச் சுவர்களில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அதனால் எர்த் ஒயரை நறுக்கிவிட்டு இரண்டு பின் பிளக் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். செட்டு உறுமினாலும் அதே வைத்தியம்தான். எர்த்தை வெட்டினால் உறுமல் நின்றுவிடும். எத்தனை வெட்டினேன் என்று கணக்கு இல்லை, ஒன்றும் ஆனதும் இல்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர் ஐப்பசி மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலையில், தரங்கம்பாடியிலிருந்து ஒருவர் கிதார் ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். கிதாரின் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற பெட்டி. உள்ளேயே ஸ்பீக்கரும் இருக்கும். அரைமூட்டை அரிசி கனம். ஒரு மூலை நசுங்கி, முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. அவர் பெயர் சாமுவேல். முப்பது வயது இருக்கும். துபாயில் கிரேன் ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். கூடவே அவருடைய தங்கை கிருபா, இருபது வயதுப் பெண், துணிப் பையில் கிதாரை மாட்டிக்கொண்டு கடை வாசலிலேயே நின்றாள். அவர்கள் ஊர்ச் சர்ச்சில் பாட்டுக் குழுவில் கிதார் வாசிப்பவள். அவளுக்காகத்தான் துபாயிலிருந்து இந்தப் பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறார்.

"மாயவரம் பஸ் ஸ்டாண்டுல கூரை மேலேருந்து இறக்கும்போது விழுந்துடுச்சு பாய்" என்றார். பிறகு, "விழல. நான்தான் போட்டேன். கூலியாள் இறக்கித் தர்றேன்னாரு. தொடாதீங்க, நானே இறக்கிக்கிறேன்னு சொல்லிட்டு ஏணியில கால் வழுக்கிடுச்சு."

"அத ஏன் இப்ப சொல்றீங்க? பெட்டி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலீங்க. லைட்டே எரியல."

வாசலில் நின்ற பெண், "விடுண்ணே. எத்தன தடவ சொல்லுவ?" என்றாள். அவர் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைப் பீடத்தில் வைத்துப் பாட்டுப் பாடுவார்கள். ஞாயிறு மத்தியானம் சாமுவேல் மெட்ராஸுக்குப் பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து விமானம். "போனா ரெண்டு வருஷம் பாய். இவ இதுல வாசிக்கிறத ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடணும்" என்றார். நான் பெட்டியை அசைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ கனமாக உருண்டது. "சனிக்கிழமை காலையில வாங்க" என்று சொல்லிவிட்டேன். முடியுமா என்று யோசித்துச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்று நாள் வேலையை விவரிக்கப் போவதில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். உருண்டது டிரான்ஸ்ஃபார்மர். நாலு திருகும் பிடுங்கிக்கொண்டு அது விழுந்ததில் பக்கத்திலிருந்த சர்க்யூட் போர்டு மூன்று இடத்தில் விரிசல் விட்டிருந்தது. விரிசலைத் தாண்டி ஒவ்வொரு தடத்தையும் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். நாற்பதுக்கு மேல் பற்று. வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி அதன் இடத்தில் உட்காரவைத்து, பெரிய திருகாகப் போட்டு, இனி பத்தடி என்ன, பனைமரத்திலிருந்து விழுந்தாலும் அசையக் கூடாது என்று முடுக்கினேன். போர்டு வேலை அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் அண்ணனும் தங்கையும் வந்துவிட்டார்கள். வெளியே தூறல். ஒன்பது மணிக்குக் கும்பகோணம் வழியாக ஒரு பஸ் இருந்தது. மழை ரோட்டில் அதை விட்டால் சர்ச்சுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்பது சந்தேகம். நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கரண்டு கொடுத்தேன். டப்பென்று கடை ஃபியூஸ் போனது.

ஃபியூஸ் கம்பி மாற்றினேன். மறுபடி போட்டேன், மறுபடி போனது. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க சாமுவேல் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

தம்பிகளே, அந்த இடத்தில் நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். பக்கத்துக் கடை மாவு மில். அவர்கள் மோட்டாரின் எர்த்தும் என் கடை எர்த்தும் ஒரே குழியில் இறங்குகின்றன. அதனால் என் லைனில் அடிக்கடி கோளாறு. ஆக, கோளாறு மில்லில்தான், பெட்டியில் இல்லை. முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டரை எடுத்து எர்த் ஒயரை நறுக்கினேன். இரண்டு பின் பிளக் போட்டேன். ஃபியூஸ் போகவில்லை. ஆம்பின் சிவப்பு லைட் எரிந்தது. சாமுவேல் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியின் இரும்புச் சட்டத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. எர்த் வெட்டிய வெளிநாட்டு செட்டில் டெஸ்டர் கொஞ்சம் எரியத்தான் செய்யும். பார்த்துப் பார்த்துச் சலித்த சங்கதி. மங்கலாக எரிந்ததா பளிச்சென்று எரிந்ததா என்று நான் கவனிக்கவில்லை. சட்டத்தைக் கையால் தொட்டேன். ஒன்றும் இல்லை. நான்தான் பலகை மேல் நின்றேனே.

கிருபா கிதாரை மாட்டி நாலு கம்பியைத் தட்டினாள். கடை முழுக்கச் சத்தம் நிறைந்தது. மாவு மில்லில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பாய், கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"வெளிநாட்டு செட்டு அப்படித்தாம்மா இருக்கும். செருப்பு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"இந்தப் பலகை மேல ஏறி நில்லு. இப்ப பாரு."

ஏறி நின்று வாசித்தாள். "இப்ப இல்லைங்க" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன். சாமுவேல் பெட்டியைத் தோளில் தூக்கினார். இந்தத் தடவை மடியிலேயே வைத்துக்கொள்வேன், கூரையில் ஏற்றமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே போனார்.

பதினொன்றரை மணிக்கு அடுத்த செட்டை எடுக்கப் பெஞ்சைத் துடைத்தேன். ஈயத் துணுக்கு, நறுக்கிய பச்சை ஒயர், தூசி. அதற்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தோல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒயரின் மேல்தோல். வெட்டியது இல்லை, நசுங்கிப் பிதுங்கியது. ஒரு பக்கம் இரும்பு அழுத்திய தடம் இருந்தது.

நிறம் காப்பிக்கொட்டை.

அந்த வாரம் என் பெஞ்சில் ஏறிய ஒரே வெளிநாட்டு செட்டு அந்த ஆம்ப். அதில் காப்பிக்கொட்டை நிற ஒயர் ஒன்றே ஒன்று. சுவரிலிருந்து கரண்டைக் கொண்டுவருகிற ஒயர். அதன் தோல் என் கையில் இருக்கிறது என்றால் அதன் கம்பி வெறுமையாக எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காலையில் ஃபியூஸ் போனது மாவு மில்லால் இல்லை. பெட்டி இரண்டு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை நறுக்கி அனுப்பியிருக்கிறேன். கிதாரின் கம்பிகள் ஒயர் வழியாக அந்த இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தவை. அந்தப் பெண் கம்பியைத் தொட்டால், சுவரில் வரும் கரண்டைத் தொடுகிறாள்.

எறும்பு ஊர்கிறது என்று சொன்னாள். காய்ந்த சிமெண்டுத் தரையில் ரப்பர் செருப்போடு நின்றும் எறும்பு ஊர்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஓடவில்லை. அந்தத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். ஒன்றும் ஆகாது, எத்தனை செட்டுக்கு இப்படிச் செய்திருக்கிறோம், பிளக்கைத் திருப்பிச் செருகினால் கரண்டு மற்ற ஒயரில் வரும், செருப்புப் போட்டிருப்பாள் என்று ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். தஞ்சாவூரில் தலைகாட்ட முடியுமா என்று யோசித்தேன். அவள் உயிரும் என் பெயரும் ஒரே தராசில் இருந்தன, பத்து நிமிஷம் நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எழுப்பியது ஒரு சின்ன நினைப்பு. சர்ச்சுக்குள் செருப்பு போட மாட்டார்கள்.

என் மனைவியின் சொந்தக்காரர்கள் பொறையாறில் இருக்கிறார்கள். அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். கல்யாணத்துக்குப் போனபோது அந்தச் சர்ச்சைப் பார்த்திருக்கிறேன். வாசல் படியில் வரிசையாகச் செருப்பு கிடக்கும். உள்ளே வழவழவென்ற கல் தரை. வெளியே மழை. நூறு பேர் ஈரக்காலோடு அந்தத் தரையில் ஏறுவார்கள். அவள் வெறுங்காலோடு நின்று, கையில் கம்பியைப் பிடித்து, உதட்டருகே மைக்கை வைத்துப் பாடப்போகிறாள்.

கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. முதலில் எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பூத்துக்காரர் விசாரணைக்குப் போட்டு, போதகர் வீட்டு நம்பரை வாங்கி, மூன்று தடவை அடித்தார். "ரிங்கே போகல பாய். அந்தப் பக்கம் நல்ல மழையாம், லைன் செத்துக் கிடக்கு" என்றார். அங்கேயே நின்று அடித்துக்கொண்டிருப்பதா, கிளம்புவதா? போன் கிடைத்தாலும் யார் எடுப்பார்கள், எடுத்தவர் நான் சொல்வதை நம்புவாரா? நேரில் போய்க் கையால் பிடுங்கினால்தான் ஆகும் என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆராதனை நாலரைக்கு.

கும்பகோணம் வரை பஸ் ஓடியது. அதற்கப்புறம் ஊர்ந்தது. வாய்க்கால் எது, வயல் எது, ரோடு எது என்று தெரியாத தண்ணீர். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் நுனியை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் எல்லோரும் பயிரைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கத்தில் இருந்தவர், "உங்களுக்கு எங்க நிலம்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்து நானும் பயிரை மூழ்கக் கொடுத்தவன் என்று நினைத்திருக்கிறார். மாயவரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த அரைமணி நேரம் மாதிரி ஒரு அரைமணி என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சட்டைப் பையில் அந்தத் தோல் துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அது இல்லாமல் போயிருந்தால் எல்லாமே என் பிரமை என்று திரும்பிவிடலாமே என்று ஓர் ஆசை. ஒவ்வொரு தடவையும் அது இருந்தது.

செம்பனார்கோவில் தாண்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர். டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்ண்ணே?" என்று கேட்டேன். "அவசரம்னா நீந்திப் போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேல் தப்பில்லை. அவர் அறுபது பேரோடு அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும், பயம் அவருக்கும் இருந்திருக்கும். அவர் தன் பயத்தைக் கேட்டு வண்டியை நிறுத்தினார். நான் காலையில் அதைச் செய்யவில்லை.

ஒரு வழியாகப் பஸ் தண்ணீரைக் கடந்து, தரங்கம்பாடியில் நான் இறங்கியபோது மணி நாலே முக்கால். கடல் பக்கத்திலிருந்து காற்றும் மழையும் முகத்தில் அறைந்தன. ஓடினேன். எனக்கு அப்போதே நாற்பத்திரண்டு வயது. சர்ச் வாசலை எட்டும்போது உள்ளேயிருந்து பாட்டுச் சத்தமும் வரவில்லை, அழுகைச் சத்தமும் வரவில்லை. எதை எதிர்பார்ப்பது என்று தெரியாமல் படியில் ஒரு நொடி நின்றேன். நூறு ஜோடிச் செருப்பு நனைந்து கிடந்தது. அவ்வளவு அவசரத்திலும் பழக்கம் பாருங்கள், நானும் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது. தரை முழுக்கத் தண்ணீர் பூசியதுபோல் ஈரம். அந்த ஈரம் உள்ளங்காலில் பட்டபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு முழுசாக விளங்கியது. அதுவரை கணக்காகத்தான் தெரிந்திருந்தது.

மெழுகுவத்தி வெளிச்சம். மின்விசிறிகள் நின்றிருந்தன. கரண்டு இல்லை. அவர்கள் ஊர் வந்து சேரும் முன்பே, இரண்டு மணிக்கே போய்விட்டதாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். போதகர் மைக் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். பீடத்துக்கு முன்னால் குறுவை நெற்கட்டும் வாழைத்தாரும் பூசணிக்காயும் குவிந்திருந்தன. அதற்கு இடது பக்கம் பாட்டுக் குழு. வெள்ளைப் புடவையில் கிருபா, கழுத்தில் கிதார், வெறுங்கால். இடது கை கம்பி மேலேயே இருந்தது. வாய்க்கு நேரே மைக். பின்னால் அந்தப் பெட்டி, பிளக் சுவரில் செருகி, சுவிட்சும் போட்டபடி. கரண்டு வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று தயாராக நிற்கிறாள்.

வாசலிலிருந்து கத்தலாமா? கத்தினால் என்னவென்று கத்துவது? எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவளும் திரும்புவாள், கை கம்பியிலேயே இருக்கும். யாராவது "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டு வந்துவிடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. நடுப் பாதையில் வேகமாக நடந்தேன். மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இறக்கை அசைந்தால் முடிந்தது.

நனைந்து சொட்டுகிற, முன்பின் தெரியாத ஆள் ஒருவன் பிரசங்கத்தின் நடுவே பீடத்தை நோக்கிப் போனால் யார் விடுவார்கள்? பெரியவர் ஒருவர் எழுந்து என் தோளைப் பிடித்தார். அவரையும் இழுத்துக்கொண்டே போய், குனிந்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"யாருய்யா நீ? என்ன வேணும் உனக்கு?" என்றார் பெரியவர்.

முன் பெஞ்சிலிருந்து சாமுவேல் ஓடிவந்தார். "பாய்? நீங்க எப்படி இங்க?"

"கிதார கீழ வைக்கச் சொல்லுங்க தம்பி. மொதல்ல கீழ வைக்கச் சொல்லுங்க."

அவள் கழற்றி நெற்கட்டின் மேல் வைத்தாள். பெரியவர் என் தோளை விடவில்லை, நான் பிளக்கை விடவில்லை. அப்படி இருக்கும்போதே மேலே விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. விளக்குகள் எரிந்தன. சர்ச்சில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். கரண்டு வந்த சந்தோஷம் அவர்களுக்கு. நான் கையிலிருந்த இரண்டு பின்னையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வினாடியா, ஒரு நிமிஷமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொன்னேன். யாரும் நம்பவில்லை, கடைக்காரர் ஏதோ பயப்படுகிறார் என்று நினைத்தார்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஒரு மரப் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பிளக்கைச் செருகச் சொல்லி, நெற்கட்டின் மேல் கிடந்த கிதாரின் கம்பியில், எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரை எடுத்து வைத்தேன். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிகிற மாதிரி பளிச்சென்று எரிந்தது. பெரியவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். கிருபா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

சாமுவேல் பெட்டியின் நசுங்கிய மூலையைப் பார்த்தார். "நான் கீழ போட்டதுனாலதானே பாய்?" என்று கேட்டார்.

"விழுந்த செட்டு தம்பி" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது அது பொய் இல்லை. எந்த இடத்தில் நசுங்கியது என்று எனக்கே தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னதும் மனசு லேசானது, அது எனக்குத் தெரியும்.

அன்று அவள் ஆம்ப் இல்லாமல் வாசித்தாள். மழைச் சத்தத்தில் கிதார் கேட்கவே இல்லை.

பொறையாறில் தங்கி, அங்கே தொழில்காரர் ஒருவரிடம் மீட்டரும் ஒயரும் சாமான்களும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வாசலில் சாமுவேலின் பயணப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. கூடத்தில் ஆம்பைக் கவிழ்த்து, இந்தத் தடவை டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றித் தூக்கினேன்.

காப்பிக்கொட்டை நிற ஒயர் அதன் காலுக்கு அடியில் கிடந்தது. தோல் கிழிந்து, செம்புக் கம்பி தட்டையாகி, இரும்பில் ஒட்டியிருந்தது. கம்பியின் மேல் புதுத் திருகின் மரை பதிந்த தடம். பழைய திருகு அவ்வளவு பெரியது இல்லை. வெள்ளிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மரை உட்காரவைக்கும்போது அடியில் ஒயர் சிக்கியதைப் பார்க்காமல், அதன் மேலேயே முடுக்கியிருக்கிறேன். பஸ் கூரையிலிருந்து விழுந்ததில் அந்த ஒயருக்கு ஒரு கீறல்கூட ஆகியிருக்கவில்லை.

சாமுவேல் எதிரே குந்தியிருந்தார். அவருக்கு அந்தத் தடமெல்லாம் புரியாது. "இங்கதான் நசுங்கியிருக்கா பாய்? விழுந்த வேகத்துல…" என்று ஆரம்பித்தார். நான்கு மணி நேரத்தில் பஸ் ஏறப்போகிறவர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்க பொண்ணைக் காப்பாற்றிய தெய்வம் என்றுகூட அந்த வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர் அம்மா காலையிலேயே அப்படித்தான் காப்பி கொடுத்தார். சாமுவேல் மட்டும் இரண்டு வருஷம் துபாயில் கிரேன் மேல் உட்கார்ந்துகொண்டு, என் தங்கையை நானே கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"இல்ல தம்பி" என்றேன். "விழுந்ததுல வந்தது இல்ல இது. நான் முடுக்குனது. நேத்து காலையில ஃபியூஸ் போச்சே, அப்பவே தெரிஞ்சிருக்கணும். நான் எர்த்த வெட்டிட்டேன். தங்கச்சி எறும்பு ஊருதுன்னு சொல்லிச்சு. பலகை மேல ஏத்தி விட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "சரி பண்ணுங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

புது ஒயர் போட்டேன். எர்த்தைத் திரும்பச் சேர்த்தேன். அந்த வீட்டில் எர்த் இல்லாததால் கொல்லையில் ஈர மண்ணில் கம்பி இறக்கி, கூடம் வரை இழுத்து, மூன்று பின் சாக்கெட் வைத்தேன். மீட்டர் வைத்து அளந்தேன், ஒரு தடவைக்கு நாலு தடவை. டெஸ்டர் எரியவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு செம்பு தண்ணீர் கேட்டேன். குடிக்க என்று நினைத்துக் கொண்டுவந்தாள் கிருபா. அதைத் தரையில் ஊற்றினேன். வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்று, ஆம்பைப் போட்டு, கிதாரின் ஆறு கம்பியையும் உள்ளங்கையால் பிடித்தேன். மீட்டர் சொன்னபிறகும் கையை எடுக்காமல் பத்து வரை எண்ணினேன். அளந்ததை நம்பாமல் இல்லை. என்னை நம்பவில்லை.

தம்பிகளே, மீட்டர் இல்லாமல் இதைச் செய்து பார்க்காதீர்கள். அளந்து, எர்த்தைச் சரிபார்த்து, எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் செய்ய வேண்டியது இது. செட்டை எடுத்துப் போகிறவர்கள் எங்கே நிற்பார்களோ அங்கே நீங்கள் ஒரு தடவை நின்று பாருங்கள். தஞ்சாவூர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பத்தாயப் பலகையைத் தெருவில் தூக்கிப் போட்டேன். அதற்குப் பதிலாக மீட்டருக்கு முன்னால் அந்தத் தோல் துண்டை ஒட்டிவைத்தேன். கடையை மூடிய அன்றுதான் எடுத்தேன். ஒவ்வொரு செட்டையும் முடிக்கும்போது பயம் வரும். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று அந்தக் கூடத்தில் கிருபா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கிதாரை நீட்டவில்லை. எப்படி நீட்டுவது? அவளே வந்து வாங்கிக்கொண்டாள். செருப்பு போட்டிருந்தாள், வாசலில் அதை விட்டுவிட்டு, நான் ஊற்றிய தண்ணீரில் வந்து நின்றாள். அம்மா "அடியே" என்றார். சாமுவேல் கயிறு கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒரு கம்பியைத் தொட்டாள், எடுத்தாள். மறுபடி தொட்டு, கையை அங்கேயே வைத்திருந்தாள்.

"எறும்பு இல்ல பாய்" என்றாள். பிறகு அண்ணனுக்காக வாசித்தாள்.